வடை தின்றால் இறுகும் சட்டை

சுன்னாகத்தில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை வைத்திருந்த ஜெயசுதன், நாற்பத்தேழாவது வயதில், தான் ஒரு சைக்கிள் ஓட்ட வீரன் ஆகிவிடுவதென்று தீர்மானித்தான். தீர்மானித்த நேரத்தில் அவன் வாயில் அரை வடை இருந்தது. மிச்ச அரை கையில் இருந்தது.

பயமும் ஆசையும் சேர்ந்து தள்ளிய தீர்மானம் அது. பயம் சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், வந்தது. அதே வருத்தத்தில் அவனுடைய அண்ணைக்கு ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். இவனுடைய கால் விரலிலும் ஒரு சின்னப் புண் ஆற மறுத்துக்கொண்டு கிடந்தது. கிளினிக்கில் டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைக்காவிட்டால் அண்ணைக்கு நடந்தது தம்பிக்கும் நடக்கும் என்று சொல்லிவிட்டார். கூடப் போயிருந்த மனைவி சுபாஜினி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவள் கதைக்கவில்லை என்றால் விஷயம் பெரிதென்று அர்த்தம்.

பிறகு கதைத்தாள். நடக்கச் சொன்னாள். நடந்தான், தேத்தண்ணிக் கடை வரைக்கும். வெயிலில் நடக்க ஏலாதென்று சொல்லி, வீட்டுக்குள்ளேயே நடக்கிற மிசின் ஒன்றை வாங்கிவந்தான். ஒரு கிழமை நடந்தான். அதற்குப் பிறகு மிசினின் மேல் மிளகாய் காயத் தொடங்கியது. இனி இந்த வீட்டுக்குள் இளைக்கிற சாமான் என்று ஒன்றும் வரக்கூடாது என்று சுபாஜினி சட்டம் போட்டாள். அவள் தையற்காரி. உடுவில் சந்திக்குக் கிட்ட அவளுடைய கடை. ஆளைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவாள். வெளியில் வாங்கிய சட்டையோடு புருஷன் திரிவது கடைக்கு அவமானம் என்பது அவளுடைய இன்னொரு சட்டம்.

ஆசையைக் கொண்டுவந்தவன் கனிசியஸ். குருநகரில் வலைக்கடை வைத்திருக்கும் கூட்டாளி. அவன் ஒருநாள் தன் கைத்தொலைபேசியில் படங்கள் காட்டினான். அந்தக் காலத்து ஐரோப்பியச் சைக்கிள் ஓட்டக்காரர்களின் உடுப்புகள். கழுத்தில் கொலரும் பொத்தானும், நெஞ்சில் நூலால் தைத்த எழுத்து, முதுகில் மூன்று பொக்கற். இப்போது அதே மாதிரிச் சட்டைகளைத் திரும்பவும் செய்து, பழைய பாட்டுக்காரர், பட நடிகரின் முகங்களையும் பதித்து விற்கிறார்கள் என்றான். சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு விளையாட்டுக் கழகம் பழைய காலச் சைக்கிள் சவாரி வைக்கிறதென்றும், நல்ல உடுப்புக்குக் கிண்ணம் கொடுக்கிறார்களென்றும் சொன்னான். ஓட்டத்தில் வெல்ல வேண்டியதில்லை, உடுப்பில் வென்றால் போதும் என்ற செய்தி ஜெயசுதனுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

கனிசியஸின் தங்கை லவீனா பாரிசில் இருந்தாள். அவளிடம் சொல்லி அனுப்பி, அப்படி ஒரு சட்டை வந்து சேர்ந்தது. நல்ல செம்மஞ்சள். இரண்டு பக்கமும் கையிடுக்கிலிருந்து இடுப்பு வரை கறுப்புக் கோடு. நெஞ்சில் ஒருவராலும் வாசிக்க முடியாத பிரெஞ்சு எழுத்து. முதுகில் சுருட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியும் தூக்கிவிட்ட கொலருமாக ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் ஆரென்று லவீனாவுக்கும் தெரியாது. பின்னாளில் சுன்னாகச் சந்தையில் வெங்காயம் விற்பவர் அவனைப் பழைய படக் கதாநாயகன் என்றார். தலைமயிர் வெட்டுபவர் பைலாப் பாட்டுக்காரன் என்றார். ஒரு பஸ் சாரதி, இது கனடாவுக்குப் போன தன் மாமா என்று அடித்துச் சொன்னார்.

இரண்டு சட்டத்தையும் ஒரே சட்டையால் மீறியிருந்ததால் ஜெயசுதன் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கிணற்றடியில் மோட்டர் வைத்திருந்த சின்னக் கொட்டிலுக்குள், பழைய வாளிக்குள் ஒளித்தான். சிலந்திக்குப் பயந்து சுபாஜினி அந்தப் பக்கமே வரமாட்டாள் என்பது அவனுடைய கணக்கு. கனிசியஸ் இரவல் தந்த மெல்லிய டயர் றேஸ் சைக்கிளை, திருத்த வந்த சைக்கிள் என்று சொல்லி விறாந்தையில் நிறுத்தினான். மோட்டர் திருத்துபவனிடம் ஏன் சைக்கிள் வந்ததென்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததை அவன் தன் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் விடிய, கொட்டிலுக்குள் நின்று சட்டையைப் போட்டான். தலை போனது. கைகள் போயின. வயிற்றுக்கு மேலே வந்ததும் சட்டை நின்றுவிட்டது. இழுத்தான், வரவில்லை. கழற்றப் பார்த்தான், அதுவும் நடக்கவில்லை. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள். சரணடைந்த ஆள் போல நின்றான். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து சுபாஜினி, தண்ணி இல்லை, மோட்டரைப் போடச் சொல்லிக் கூப்பிட்டாள். சுவிச்சைத் தேடி முழங்கையால் சுவரெல்லாம் தட்டினான். வாளி விழுந்தது. சாவிக் கொத்து விழுந்தது. கடைசியில் மோட்டர் ஓடியது. ஒருவழியாய்ச் சட்டையை உருவியெடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவன் முகம் செம்மஞ்சளாகவே இருந்தது. சரியான புழுக்கம் என்றான். ஓம், கொட்டிலுக்குள் காற்று வராதுதான் என்று சுபாஜினி ஒத்துக்கொண்டாள்.

கவலையோடு சட்டையைத் திரும்ப வாளிக்குள் வைத்தான். ஆனாலும் விடவில்லை. சாதாரணச் சட்டையோடு, கீரை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்தான். சுன்னாகம் வரை போனான். மூச்சு வாங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு பிடி கீரையும் வாங்கினான். ஒவ்வொரு நாளும் அதே சாட்டு, அதே கீரை. வீட்டில் ஒவ்வொரு நாளும் கீரைக் கறி. தன் பொய்க்குத் தானே இலை தின்ன வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு பேசாமல் தின்றான்.

ஒரு கிழமை கழித்து, ஒரு நப்பாசையில் சட்டையை மீண்டும் எடுத்துப் போட்டான். வயிற்றைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஜெயசுதன் அப்படியே கிணற்றுக்கட்டின் மேல் குந்திவிட்டான். ஒரு கிழமையில் இவ்வளவு இளைத்துவிட்டேனா என்று வயிற்றைத் தடவிப் பார்த்தான். கைக்குப் பழைய வயிறுதான் பட்டது. ஆனால் சட்டை பொய் சொல்லாது என்று முடிவுகட்டினான். அன்று உற்சாகத்தில் உரும்பிராய் வரை போய்வந்தான்.

அந்தச் சட்டையின் இன்னொரு குணமும் அவனை மயக்கியது. எவ்வளவு வேர்த்தாலும் அது மணப்பதில்லை. வேர்வையில் நனைந்த சட்டையை வாளிக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போவான். மறுநாள் விடிய அது காய்ந்து, சவர்க்கார வாசத்தோடு கிடக்கும். வெளிநாட்டுத் துணி என்றால் இதுதான், தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்று கனிசியஸுக்கு விளக்கம் சொன்னான். கனிசியஸ் சிரித்தான். அவனும் கலியாணம் செய்தவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் உரும்பிராய்த் தேத்தண்ணிக் கடை குறுக்கே வந்தது. இவ்வளவு தூரம் மிதித்தவனுக்கு ஒரு வடை நியாயம்தானே என்று ஒன்று தின்றான். வழிக்கென்று இன்னொன்றை முதுகுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டான். அடுத்த நாள் சட்டை இறுகியது. நெஞ்சைப் பிடித்து அமத்தியது. தற்செயல் என்று நினைத்தான். ஒரு நாள் வடையைத் தொடாமல் வந்தான், மறுநாள் சட்டை இளகியது. சோதித்துப் பார்க்கவென்று திரும்ப வடை தின்றான், சட்டை திரும்ப இறுகியது. ஒரே ஒரு வடை ஒரே இரவில் ஆளை இவ்வளவு ஊதவைக்கும் என்று எந்த டொக்டரும் அவனுக்குச் சொல்லவில்லை. அண்ணையின் கால் நினைவுக்கு வந்தது. அன்றோடு வடையை விட்டான். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் விட்டான்.

மாசி போனது, பங்குனி போனது. காற்சட்டைகள் இடுப்பில் நிற்காமல் வழுகின. கால் விரல் புண் ஆறி, அந்த இடத்தில் புதுத் தோல் வந்தது. கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்த டொக்டர், பெயரைத் திரும்ப ஒருமுறை கேட்டு ஆளை உறுதிப்படுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுபாஜினி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். ஜெயசுதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வரும் வழியில் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்தான். பிள்ளையாருக்கு நன்றி சொன்னான். மனதுக்குள் லவீனாவுக்குச் சொன்னான். சட்டைக்கும் சொன்னான். முதுகில் சிரித்துக்கொண்டிருந்த, பெயர் தெரியாத அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனுக்குக்கூட ஒரு நன்றியை ஒதுக்கினான். பக்கத்தில் கைகூப்பி நின்ற மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் இதொன்றும் தெரியாதே.

வருடப் பிறப்பன்று கோப்பாயில் ஒரு கிணற்று மோட்டர் பழுதென்று சொல்லிவிட்டுச் சவாரிக்குப் போனான். மைதானம் முழுக்கப் பழைய காலம் வந்து இறங்கியிருந்தது. பெல்பொட்டம் போட்டவர்கள், கிருதா ஒட்டியவர்கள், கோட்டுப் போட்டு வேர்த்தவர்கள். ஓடி முடிந்து எல்லோரும் மேடைக்கு வர, உடுப்பைத் தெரிவு செய்ய வந்திருந்த றெஜினா ரீச்சர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பல வருடமாகத் தையல் படிப்பித்தவர். ஜெயசுதனின் சட்டை ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

"இது ஆர் தைச்சது?"

"பாரிசிலையிருந்து வந்தது ரீச்சர்."

"சட்டை பாரிசிலையிருந்து வந்திருக்கும் தம்பி. நான் கேக்கிறது உந்தக் கறுப்புக் கோட்டை. இதுக்குள்ளை வேறை துணி வைச்சு அகட்டியிருக்கு. பிறகு ஒடுக்கியிருக்கு. பிறகும் அகட்டி, பிறகும் ஒடுக்கி. பழைய ஊசித் துளை எல்லாம் தெரியுது. இவ்வளவு தரம் பிரிச்சும் துணி ஒரு இடத்திலையும் இழுபடேல்லை. உது சும்மா ஆளின்ரை கையில்லை."

ஜெயசுதன் குனிந்து தன் விலாவைப் பார்த்தான். பல கிழமையாகப் போட்ட சட்டையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். மோட்டர் கொட்டில், வாளி, சவர்க்கார வாசம், வடை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவன் முன்னால் நின்றன.

உடுப்புக்கான கிண்ணம் இந்தச் சட்டையைத் தைத்த கைக்கு என்று றெஜினா ரீச்சர் அறிவித்து, அந்த ஆள் இங்கே இருந்தால் வரட்டும் என்றார். சனத்துக்குள்ளிருந்து நல்ல சேலை உடுத்திய ஒரு பெண், கையில் தேத்தண்ணிப் போத்தலோடு எழுந்து வந்தாள். ஜெயசுதன் பக்கம் திரும்பாமல் மேடையேறிக் கிண்ணத்தை வாங்கினாள். இறங்கும்போது மட்டும், கோப்பாய் மோட்டர் சரிவந்ததோ என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனாள். கனிசியஸ்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான்.

வீட்டுக்கு வந்து விறாந்தைப் படியில் இருவரும் இருந்தார்கள். கிண்ணம் நடுவில் இருந்தது. சட்டையை எப்போது கண்டீர் என்று ஜெயசுதன் கேட்டான்.

"அண்டைக்கு மோட்டரைப் போடச் சொன்னனான். ஏன் இவ்வளவு நேரம் எண்டு வந்து பாத்தன்," என்றாள் சுபாஜினி. "கதவு நீக்கலுக்குள்ளாலை தெரிஞ்சுது. கை ரெண்டும் மேலை, தலை உள்ளுக்கை. முதல் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கீழை பாத்தன். உங்கடை கால் ரெண்டும் தெரிஞ்சுது."

அவள் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உது ரெண்டும் கடைசிவரை இருக்கவேணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

"அப்ப நேரை சொல்லியிருக்கலாமே?"

"நேரை சொன்னால் என்ன செய்வியள்? மிசின் வாங்குவியள். ஒளிச்சுச் செய்யிற வேலை எண்டால் ஒருநாளும் விடமாட்டியள். அதுதான் வடிவா ஒளிக்க விட்டனான்."

"வடை எப்பிடித் தெரியும்?"

"பொக்கற்றிலை எண்ணெய். தோய்க்கிறது நான்தானே."

ஜெயசுதனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிள்ளையாரிலிருந்து கறுப்புக் கண்ணாடிக்காரன் வரை நன்றி சொன்ன வாய், சொல்லவேண்டிய ஆளிடம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. கடைசியில், "சுபா, நீர் இல்லாட்டி நான் இல்லை," என்றான். அவள் தெரியும் என்றாள். அன்று பின்னேரம் அவனே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தான். இனி உமக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தான். நாளையிலிருந்து கொட்டில் வேண்டாம், வாசலாலேயே சட்டையோடு போவேன், ஊரே பார்க்கட்டும் என்றான். சுபாஜினி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

மறுநாள் விடிய, முழுச் சட்டையோடும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். வாசல் படலை திறந்து கிடந்தது. ஒழுங்கையின் அந்த முனையில், தனக்கென்று வெட்டித் தைத்துப் புதிதாய்ச் செய்த இன்னொரு செம்மஞ்சள் சட்டையோடு, றேஸ் சைக்கிளில் சுபாஜினி போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, சுன்னாகத்தில் நிற்கிறேன், ஆறுதலாய் வாங்கோ என்று கையைக் காட்டிவிட்டு வளைவில் மறைந்தாள்.

ஜெயசுதனுக்கென்று விறாந்தையில் நின்றது, அவள் கடைக்குப் போகிற, முன்னுக்குக் கூடை பூட்டிய லேடீஸ் சைக்கிள்.