கார் சீட்டுக்கு மீன் எண்ணெய் போட்ட விஷயமாக

அன்புள்ள மாப்பிள்ளை சூரியபிரகாஷ் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து உங்கள் மாமனார் தனகோடி எழுதுவது. நானும் உங்கள் அத்தை வள்ளியம்மாளும் சௌக்கியம். புனேவில் நீங்களும் சௌமியாவும் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் இங்கே விட்டுப்போன கார்தான் கொஞ்சம் சௌக்கியம் இல்லை. போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள் என்பதால் கூரியரில் கடிதம்.

"வாரம் பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்க மாமா" என்று சாவியைக் கொடுத்தீர்கள். நானும் ஞாயிறுதோறும் "அமிர்தி காடு வரைக்கும் போய்ட்டு வந்தேன்" என்றேன். போகவில்லை. எட்டு மாதத்தில் இரண்டே தடவை எடுத்தேன், இரண்டும் தெருமுனை வரைக்கும். ஹைவேயில் லாரி வருகிற வேகத்தைப் பார்த்தால் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிவிடத் தோன்றுகிறது, மாப்பிள்ளை! அதற்காக வண்டியைக் கவனிக்காமல் விட்டேனா? தோல் சீட்டு ஆயிற்றே! முப்பத்தொரு வருஷம் தோல் கம்பெனியில் தரம் பிரித்தவன் நான். தோல் காய்ந்தால் வெடித்துவிடும் என்று செவ்வாய்தோறும் மீன் எண்ணெய் தடவினேன். சாயங்காலம் உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். சட்டையை மாற்றாமல் உங்கள் அத்தை என்னை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை வருவதாகவும், கார் ஓடாமல் கிடந்தால் புனேவுக்கே கொண்டுபோய்விடுவதாகவும் சௌமியா சொன்னாள். பதறிப்போய்ச் சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. மெக்கானிக் டேனியல் வந்து "பேட்டரி" என்றார், மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்து வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு "செல்ஃப் மோட்டார்" என்றார். அவர் தூங்கினார் என்பது உங்கள் அத்தையின் கட்சி. மூன்றாவது ஆள் பானெட்டைத் திறக்காமலே "சென்சார் போச்சு சார்" என்றார். எந்த சென்சார் என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க கடை வச்சினு இருக்கேன்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் எங்கள் கம்பெனி வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மக்பூல் அகமதுவைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இன்னாண்ணே, இது காரா கருவாட்டுக் கடையா?" பானெட்டைத் தூக்கினால் உள்ளே எலி, குஞ்சு குட்டியோடு! "வாசனைக்கு வந்த எலி ஒயரெல்லாம் கடிச்சிடுச்சு. பேஜார் பண்ணிட்டீங்களே!" ஒயரை மாற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் மாப்பிள்ளை, காரை இங்கேயே விடுங்கள். ரிட்டையர் ஆனபின் இந்தத் தெருவில் என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. இப்போது 'கார் வீட்டுக்காரர்' என்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது. தவிர, புனேவில் தோலின் அருமை யாருக்குத் தெரியும்?

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, எலி அண்டாத வீட்டில் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தனகோடி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது, மறந்துவிட்ட ஸ்பேனரை எடுக்க மக்பூல் வந்தார். எலி கடித்த சீட்டு ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். அடியில் துணி. "இது தோலே இல்லண்ணே, ரெக்ஸின்." முப்பத்தொரு வருஷம், மாப்பிள்ளை! ஆம்பூரில் இது வெளியே தெரிந்தால் நான் எப்படித் தலை காட்டுவேன்? வெள்ளிக்கிழமை வரை தாங்காது, வியாழக்கிழமையே வந்து காரைக் கொண்டுபோய்விடுங்கள். தெருவைத் தாண்டும் வரை பிரேக் மட்டும் போடாதீர்கள்.