களிப் பதத்தில் களாப்பழ ஜாம்

பென்னாகரம்
4-8-1986

அன்பு மகள் ஹாஜிராவுக்கு அப்பா நூர் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் கிருபையால் சுகம். ஆம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துவா செய்து வருகிறேன். இந்தப் பக்கம் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பேனாதான் காரணம், நான் அல்ல.

நான் உனக்கு எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. நீயும் எனக்கு எழுதவில்லை. அதாவது உன் அம்மாவுக்கு எழுதுகிறாய். ரம்ஜானுக்கு வந்துவிட்டுப் போன பிறகு மூன்று கடிதம் வந்தது, மூன்றிலும் மேலே அக்தர் பேகம் என்றுதான் இருந்தது, உள்ளே அப்பாவுக்கு சலாம் என்று அரை வரி கூட இல்லை. நான் தேடிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. கடைசிக் கடிதத்தில் பக்ரீத்துக்கு வருவதைப் பற்றிப் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தாய். பார்க்கலாம் என்றால் வருவாளா வரமாட்டாளா என்று உன் அம்மா என்னைப் போட்டுப் பிடுங்குகிறாள். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ஊரான் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவன் நான், இந்த ஒரு வார்த்தை மட்டும் என் அளவுக்கு வரவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் காலை, உன் மாமியார் வீட்டில் ரொட்டியும் ஜாமும் என்று நீ ஏதோ சொன்னாய், நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. "இந்த வூட்டுக் களி தொண்டையில இறங்கலன்னா ஜாம் இருக்கிற வூட்டுலயே இருந்துக்க" என்று சொன்னேனாம், உன் அம்மா சொல்கிறாள். சொல்லியிருக்கலாம். நீ மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் பத்து மணி பஸ்ஸில் போய்விட்டாய். அதற்கும் இந்தக் கடிதத்தோடு வரும் பாட்டிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜாம் போட்டே தீருவேன் என்று கிளம்பியது முழுக்க முழுக்க உன் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்றதோடு என் வேலை சரி.

வேர்க்கடலை கட்டிவந்த பொட்டலத்தைப் பிரித்தபோது அது ஏதோ பத்திரிகையின் சமையல் பக்கமாக இருந்தது. வீட்டிலேயே பழ ஜாம், பழமும் சர்க்கரையும் சம அளவு, மிதமான தீ, கைவிடாமல் கிளறி, சரியான பதம் வந்ததும், அதோடு காகிதம் கிழிந்துபோயிருந்தது. மீதிப் பக்கம் யார் வாங்கிய கடலையோடு போனதோ. பதம் தெரியாமல் அடுப்பு மூட்டாதே என்று நான் சொன்னேன், உன் அம்மா கேட்கிற ஆளா. மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் ரோட்டுக் கரட்டுக்குப் போய்விட்டாள். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் முனியம்மாளின் புருஷன் சென்றாயன் அங்கே ஆடு மேய்க்கிறான், அவன்தான் களாப்புதரைக் காட்டினான். ரோட்டிலிருந்து சரியாக இருநூற்றுப் பத்து அடி தெற்கே இருக்கிறது. பழம் கறுத்துப் பழுத்துக் கிடந்ததாம், ஆனால் கைவிட்டால் முள், கையை எடுத்தால் பால், விரலெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. முள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம், நான் அளந்து பார்த்தேன், அதாவது உன் அம்மா வந்து சொன்னாள். புதருக்குள் சேலை மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றாளாம், அதற்குள் வெளியே வைத்திருந்த கூடையில் சென்றாயனின் ஆடுகள் வாயை வைத்துவிட்டன, ஒரு பழம் மிச்சமில்லை. அவன் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. "ஆடு தின்னது நல்லதுதானுங்க, வெசமில்லன்னு தெரிஞ்சு போச்சுங்களே" என்றானாம். அடுத்த நாள் மறுபடி போய்ப் பறித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இந்த வயதில் இதெல்லாம் உடம்பு தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை.

பழத்தை வேகவைத்து விதை நீக்குவதற்கே ஒரு பகல் போய்விட்டது. ராகி மாவு சலிக்கிற சல்லடையில் போட்டுத் தேய்த்தால் சாறு கீழே போவதற்குப் பதில் சுவரிலும் என் வெள்ளை ஜிப்பாவிலும் போய் விழுந்தது, நான் அந்தப் பக்கமாகச் சும்மா நடந்துபோனேன், அப்போது தெறித்தது. சல்லடை இனிமேல் மாவுக்கு ஆகாது. ரேஷனில் வாங்கின ஒரு மாதச் சர்க்கரையையும் கொட்டியாயிற்று. கொதிக்கிறது, கொதிக்கிறது, கொதித்துக்கொண்டே இருக்கிறது, எப்போது இறக்குவது என்று யாருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து முனியம்மாள் வந்து பானையை எட்டிப் பார்த்தாள். "களி மாதிரிதானுங்க எல்லாம். கைய தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாருங்க, ஒட்டலன்னா வெந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். அவள் சொன்னது களிக்கு நியாயம். நம் ஜில்லாவில் பிறந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள், எனக்கும் சரியென்றுதான் பட்டது. உன் அம்மா கையை நனைத்துத் தொட்டாள், ஒட்டியது, விரலும் வெந்தது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்றுதானே கணக்கு. பானையைக் கீழே இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவது, திரும்ப அடுப்பில் ஏற்றுவது, நனைத்துத் தொடுவது, ஐயோ என்பது, மறுபடி கிண்டுவது. இப்படியே சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் போய்க் கடைசியில் ஒட்டவில்லை. துடுப்பு தானாக நின்றது. முனியம்மாளுக்கு ஏக சந்தோஷம், தட்டில் தண்ணீர் தெளித்து ஏழு உருண்டை பிடித்து வைத்துவிட்டாள். மறுநாள் ஒரு உருண்டையை உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது. அதில் ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு சென்றாயன் காலையில் ஆடு ஓட்டிப் போனான், சாயங்காலம் திரும்பும்போதும் அது வாயில்தான் இருந்தது.

அப்புறம் என்ன, ஏழு உருண்டையையும் இடித்து வெந்நீர் விட்டுக் கரைத்தால் ரசமாகப் போயிற்று, ரசத்தை மறுபடி காய்ச்சினால் அடிப்பிடித்தது, மேலாக வழித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினால் சூட்டில் பாட்டில் கீறல் விட்டு மேசையெல்லாம் ஓடியது. தேறியது இன்னொரு பாட்டிலில் முக்கால்வாசி. செருப்புக் கடைக்குச் சரக்கு எடுக்க நாளைக் காலை கரீம் பாய் பொம்மிடியில் ரயிலேறி ஆம்பூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஸ்பூனை வெந்நீரில் முக்கிவிட்டுத் தோண்டினால் வரும். மாப்பிள்ளைக்குக் கொடுக்குமுன் விதை கிடக்கிறதா என்று பார்த்துக்கொள், பல் விஷயம். பக்ரீத்துக்கு வருவதும் வராததும் உன் சௌகரியம். எனக்கு அதில் ஒன்றுமில்லை. உன் அம்மாதான் பஸ் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறாள், ஒரு நாளைக்கு எத்தனை பஸ் இருக்கிறது, அத்தனைக்கும் போகிறாள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சம்பந்திக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் என் சலாம். மாப்பிள்ளைக்கு துவா. உனக்கு அல்லாஹ் நீடித்த ஆயுளையும் நல்ல பசியையும் தருவானாக, ஆமீன்.

மிகுந்த களைப்புடன்,
உன் அப்பா,
மு. நூர் பாஷா,
ஓய்வு பெற்ற சர்வேயர்

பின்குறிப்பு: ஹாஜிரா, இதை அம்மா எழுதுறேன். கடுதாசியைப் பாட்டிலுக்கு அடியில வெச்சு, கரீம் பாய் வந்தா குடுத்துடு, படிக்காதன்னு சொல்லிட்டு உங்கப்பா தொழுகைக்குப் போயிருக்காரு. படிக்காதன்னா படிக்காம இருக்க முடியுமா. உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு போன மாசம் இருபத்தி மூணாம் தேதியே நான் சேலம் போயிட்டேன். நேத்து சாயந்திரம்தான் வூடு வந்து சேர்ந்தேன். சுவரெல்லாம் செவப்பா இருந்ததைப் பார்த்து பக்ரீத் முன்னாடியே வந்துடுச்சோன்னு நினைச்சேன். அதனால மேல எங்கெங்க அம்மான்னு இருக்கோ அங்கெல்லாம் அப்பான்னு மாத்திப் படிச்சுக்க. முள்ளுல மாட்டினது சேலை இல்ல, லுங்கி. சென்றாயன்தான் போய் வெட்டி விட்டானாம். வலது கையில ரெண்டு வெரலுக்குக் கட்டு, பேனா நல்லாத்தான் இருக்கு. நீ அன்னைக்குச் சாப்பிடாம போனதுலேருந்து அவரு காலையில களி தொடறதில்ல, கேட்டா வயிறு சரியில்லம்பாரு. பஸ்ஸுக்கு வாசலுக்குப் போறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஜாம் நல்லா இல்லம்மா, நான் வழிச்சு நக்கிப் பார்த்தேன், தீய்ஞ்ச வாசனை. நல்லா இருந்துச்சுன்னு எழுது. என் பேருக்கு எழுதாத, அவரு பேருக்கு எழுது.