முத்துராசுவின் கழுத்தும் என் கால்களும்

கால் இரண்டும் உள்பக்கம் திரும்பிய பிள்ளை, தடுக்கி விழுவதற்குக் கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. இடறிவிட ஆள் கூடவே வரும். வலது காலுக்கு இடது கால், இடது காலுக்கு வலது கால். நான் அப்படிப்பட்ட பிள்ளை.

என் பேத்திக்கும் அதே கால்தான். (தாத்தா எதுவும் எழுதி வைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.) போன மாதம் அவளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "தாராளமாக் குதிக்கட்டும், வளர வளர பெரும்பாலும் தானா சரியாயிடும்" என்றாராம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பொறாமை. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் யாராவது ஒருத்தர் இந்த வார்த்தையை என்னைப் பெற்ற அத்தாவின் காதில் போட்டிருக்கக் கூடாதா?

அத்தாவுக்குத் தோல் வியாபாரம். அவருக்குத் தெரிந்த வைத்தியமும் அதுதான்.

"ஈரத்துல இழுத்து, ஆணியடிச்சுக் காயப்போட்டா மாட்டுத் தோலே சொன்ன பேச்சு கேக்குது. இம்புட்டுக்காணு காலு கேக்காதா?" என்பார்.

ஆணியடிக்க அம்மா விடவில்லை. அதனால் பூட்ஸ் தைத்தார். அதைத் தூக்கிப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "இதுக்கு லைசென்ஸ் வாங்கணுமேண்ணே" என்றார். வலது பூட்ஸை இடது காலிலும் இடதை வலதிலும் மாட்ட வேண்டும். ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறும். காலையில் சொதசொதவென்று மாட்டிவிடுவார். வெயில் ஏற ஏற அது இறுகும். மத்தியானம் கணக்குப் பாடம் வரும்போது என் இரண்டு பாதங்களும் வேறு யாருடையவோ மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள், "ஏலே, இவன் வாரானா, போறானா?" என்று பந்தயம் கட்டுவார்கள்.

எனக்கு அப்போது டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் ஆசை கிடையாது. அந்தப் பூட்ஸ் கழல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு டிரில் வாத்தியார் ஒரு பிரமிடு கட்ட ஏற்பாடு செய்தார். கீழே ஒரு வரிசை பையன்கள் குனிந்து நிற்பார்கள். அவர்கள் முதுகில் முத்துராசு நிற்பான். கன்னிவாடிக்காரன், தோட்டத்தில் இறவை இறைத்து வளர்ந்த உடம்பு, ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அவன் தோள்மேல் ஒருவன் ஏறி நின்று கையை விரிக்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால், முத்துராசு தலையிலிருந்து தோள்வரை நல்லெண்ணெய் வழிய வருவான். ஏறியவன் எல்லாம் வழுக்கி விழுந்தான்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த என்மேல் வாத்தியார் கண் விழுந்தது.

"ஏலே காதரு, அந்தப் பூட்ஸைக் கழட்டிப்புட்டு நீ ஏறு. உனக்கென்னடா, விழுந்து பழகுனவன்."

ஏறினேன். விழவில்லை. உள்பக்கம் திரும்பிய என் பாதங்கள் முத்துராசுவின் கழுத்தை இருபுறமும் வளைத்து, பெருவிரல்கள் முன்னால் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பூட்டுக்குப் பேர்போன ஊரில் அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

வாத்தியார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மத்தவன் காலு தோள்ல நிக்குது. இவன் காலு கழுத்தைக் கட்டிப் பிடிக்குது. இதுல்லடா காலு" என்றார்.

என் காலை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. (கடைசித் தடவையும்.) வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வழியில் விழுந்தது தனி.

அம்மா அந்தச் சமயத்தை விடவில்லை. "புள்ளை உச்சியில நிக்கப் போறான். இன்னும் எதுக்குங்க அந்தப் பூட்ஸு?" என்றார்.

அத்தா நெடுநேரம் தாடியைத் தடவினார். "விழுகாம ஏறி, விழுகாம இறங்கட்டும். அன்னைக்கே அதை அறுத்து வாராப் போட்டுடறேன்."

அன்றிலிருந்து நான் தூக்கத்திலும் தலையணையைக் காலால் கவ்விக்கொண்டு கிடந்தேன்.

விழா நாள் வந்தது. அத்தா முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பூட்ஸ். அறுப்பதற்கா, மாட்டுவதற்கா என்று பைக்கும் தெரியாது.

விசில் ஒலித்தது. கீழ்வரிசை குனிந்தது. முத்துராசு ஏறினான். அவன்மேல் நான் ஏறிக் கையை விரித்தேன். கைதட்டல். பழகும்போது வாத்தியார் பத்து எண்ணுவார், இறங்கிவிடுவோம். அன்றைக்கு எட்டு எண்ணும்போது, "சார், செத்த நேரம்" என்று ஒரு குரல். ஸ்டூடியோக்காரர். மூன்று கால் காமிராவைக் கொண்டுவந்து நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். மூடியைக் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுகிற பழைய காமிரா அது.

"யாரும் ஆடக் கூடாது. மேல நிக்கிற தம்பி, கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க."

சிரித்த மாதிரி வைத்தேன். பயத்தில் விரல்கள் தாமாக இறுகின. பயந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், எனக்குக் கால் கவ்வும். முத்துராசுவால் பேச முடியவில்லை. பேசுகிற இடத்தில் என் பெருவிரல்கள் இருந்தன. என் கெண்டைக்காலைப் பிடித்திருந்தவன் நகத்தால் கீறினான். வலியில் நான் இன்னும் இறுக்கினேன். அவன் இன்னும் கீறினான்.

துணிக்குள்ளிருந்து, "தலையைக் கொஞ்சம் வலது பக்கம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூடியைக் கழற்றினார். முத்துராசு மெல்ல மடங்கினான்.

கீழ்வரிசை நாலா பக்கமும் சிதறியது. நான் விழவில்லை என்றுதான் இன்றுவரை வாதாடுகிறேன். விழுந்தது முத்துராசு. நான் அவன் கழுத்தோடு கூடப் போனேன். புழுதி அடங்கியபோது, தலைமை வகித்த பெரிய மனிதர் எழுந்து நின்று கைதட்டினார். அதுவும் ஒரு ஐட்டம் என்று நினைத்துவிட்டார்.

வாத்தியார் ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். முத்துராசு மூச்சு வாங்கி, முதலில் சொன்ன வார்த்தை: "காதரு, உனக்குக் காலுதானா அது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தா வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டார். "அப்பு, காலை நீட்டு" என்றார். நீட்டினேன். அன்றைக்கு அது ஈரமாகக்கூட இல்லை.

அந்த ஜோடி சிறுத்தது. அடுத்த ஜோடி தைத்தார். அதற்கடுத்ததும். தோல் எல்லாம் என் கால் சொன்னபடி உள்பக்கமாகத் திரும்பியது. என் கால் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் போட்டோவில் எல்லோரும் புகையாகக் கலங்கியிருக்கிறோம். ஆடாமல் பதிந்திருப்பது ஒரு கழுத்தும் அதைச் சுற்றிய இரண்டு பாதங்களும். அத்தா அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம், "ஆளு விழுந்துட்டான், பிடி விடலை பாருங்க" என்பார். அது பெருமையா வருத்தமா என்று அவர் மவுத்தாகும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

முத்துராசு என் நிக்காஹுக்கு வந்தான். சித்திரை வெயிலில், கழுத்தைச் சுற்றி மப்ளர். ஏன் என்று கேட்ட என் மாமனாரிடம், "மாப்பிள்ளை பழக்கம் உங்களுக்குப் புதுசு" என்றானாம்.

பேத்தியின் ஜிம்னாஸ்டிக்ஸ் சேதியை நேற்று அவனிடம் போனில் சொன்னேன். இருமிக்கொண்டே கேட்டான்:

"அது கெடக்கட்டும் காதரு. அந்தப் புள்ளைக்குக் கீழ நிக்கப் போறது யாரு பெத்த புள்ளைடா?"