கொள்கையளவில் சம்மதம்

எதிர்ப்பவரைக் கண்டு பயப்படாதீர்கள், வாசகரே. அவர் எழுந்து நிற்பார், மேசையைத் தட்டுவார், தோற்பார், டீ குடிக்கப் போய்விடுவார். பல்கலைக்கழகக் கூட்டங்களில் நாம் நடுங்க வேண்டியது ஆதரிப்பவரைப் பார்த்துத்தான். அதிலும், கொள்கையளவில் ஆதரிப்பவர். "கொள்கையளவில் எனக்கு முழுச் சம்மதம்" என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டால், அந்தத் தீர்மானத்தின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

நம் பேராசிரியர் அந்த இனத்தின் சிகரம். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'சின்னத் திருத்தம்'. கெட்டவரா? ஐயோ, இல்லை. குறையுள்ள ஒரு வரியை அநாதையாக விட்டுவிட்டு நடந்து போக முடியாத, இளகிய மனம் அவருக்கு.

எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் எல்லா மாணவர்களும் ஏழு பொதுப்பாடங்களில் தேறியாக வேண்டும் என்பது அங்கே விதி. ஏழு பாடங்களை நான்காகக் குறைக்க ஒரு குழு போட்டார்கள், தலைவர் நம்மவர். பதினான்கு முறை கூடினார்கள். ஏழு, ஒன்பதாகியிருக்கிறது. அந்த ஏழில் ஒன்று 'சிந்திக்கும் முறைகள்'. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் மட்டுமே நடத்தும் பாடம். குழுவேலை அதிகம் என்று இந்த வருஷம் அவருக்கு வகுப்புகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பாடம் நடக்கவில்லை. ஆனால் கட்டாயம் மட்டும் கட்டாயமாகவே இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் நாற்பத்தொரு இறுதியாண்டு மாணவர்கள். நாற்பது பேர் அந்தப் பாடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தள்ளிப்போட்டவர்கள். மீதி ஒருத்தி, அப்பா முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டவள். ஆமாம், பேராசிரியரின் ஒரே மகள். வெளியூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

கணிதத் துறை அம்மையார் இரங்கி நாலே வரியில் ஒரு தீர்மானம் எழுதினார்: இவ்வாண்டு மட்டும், அந்தப் பாடத்துக்குப் பதிலாக, மாணவர் ஏற்கெனவே தேறிய வேறு ஏதேனும் ஒரு பாடத்தைக் கணக்கில் கொள்ளலாம். இப்படிப்பட்ட தீர்மானங்களை நிறைவேற்றும் கல்விக்குழு கூடும் நாளும் வந்தது. அதை விட்டால் அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான்.

காலையில் மகள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடி நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு நீங்க எனக்காக எதுவும் பேச வேண்டாம்."

"சரிம்மா."

"யாருக்காகவும் பேச வேண்டாம். கையை மட்டும் தூக்குங்க."

"தூக்குறேம்மா."

மனைவி ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை அவர் பையில் வைத்தாள். "இத பாருங்க, பேசணும்னு தோணுறப்பெல்லாம் ஒரு வாய் குடிங்க. வாய்க்குள்ள தண்ணி இருந்தா வார்த்தை வராது."

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் போனார். போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தபோதே இரண்டு வாய். நூலகம் திறக்கும் நேரத்தைப் பற்றிய விவாதத்துக்கு நான்கு வாய். வருகைப் பதிவைப் பற்றித் தமிழ்த்துறைக்காரர் பேசியபோது, பாவம், பாதி பாட்டில். பக்கத்திலிருந்தவர் "உடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார். தலையை மட்டும் அசைத்தார்.

அந்த நாலு வரி வந்தது. "ஆட்சேபணை உண்டா?" என்றார் துணைவேந்தர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைகள் உயரத் தொடங்கின. பேராசிரியரின் கையும் உயர்ந்தது. தோளளவு வந்தபோது கண் இரண்டாவது வரியில் இடறியது. வேறு ஏதேனும் ஒரு பாடமா? ஏதேனுமா? நீச்சல் பயிற்சிகூடவா? சிந்திக்கும் முறைகளுக்குப் பதிலாக ஒரு பிள்ளை நீந்திவிட்டுப் போய்விடலாமா? மகளின் முகம் மனதில் வந்தது. பாட்டிலை எடுத்தார். கவிழ்த்தார்.

காலி.

"கொள்கையளவில்..." என்றார்.

கணித அம்மையார் கண்களை மூடிக்கொண்டார்.

"என் மகளுக்கும் இதுல பலன் இருக்கு. மறைக்கல. அதனாலதான் இது பழுதில்லாம இருக்கணும்னு துடிக்கிறேன். நாளைக்கு ஒருத்தர் அவ பட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க." குரல் தழுதழுத்தது. ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எந்தப் பாடம் எதுக்குச் சமம்னு பார்க்க மூணே பேர் கொண்ட ஒரு துணைக்குழு. ஒரே ஒரு சின்னத் திருத்தம்."

"சார், நாலே வரி," என்றார் அம்மையார். "தூக்கின கையை அப்படியே வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

யார் கேட்டார்கள்? சொந்த மகளென்றும் பாராத அந்த நேர்மையில் சபை உருகிவிட்டது. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. அறிக்கை அடுத்த கூட்டத்துக்கு. துணைக்குழுத் தலைவர்? வேறு யார். அவருக்கு வேலைப்பளு கூடுவதால், வரும் ஆண்டும் வகுப்புகளிலிருந்து விலக்கு.

வீட்டு வாசலிலேயே மகள் காத்திருந்தாள். "பாஸாயிடுச்சாப்பா?"

"ஏகமனதா பாஸாயிடுச்சும்மா."

அவள் கண் நிறைந்தது. அவர் கண்ணும் நிறைந்தது. ஆனால் காரணம் வேறு. திருத்தத்தைச் சொன்னார். துணைக்குழுவைச் சொன்னார். மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ வேலை போச்சு. சரி, வர்ற வருஷமாவது அந்தப் பாடத்தைப் படிச்சு முடிச்சிடலாமாப்பா? நீங்கதானே எடுப்பீங்க?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார்.

மனைவி பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "என் தப்புதாங்க. ரெண்டு பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கணும்."

மகள் உள்ளே போய், நாற்பத்தொரு பேர் சார்பில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினாள். அவர் பின்னாலேயே போய் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அழுகிற பிள்ளையை அணைக்க வந்த கை நடுவழியில் நின்றது.

"நல்லா எழுதியிருக்கம்மா. மூணாவது வரில மட்டும்..."

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், "கதை என்னவோ சரிதான், அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்று முடிவை மட்டும் லேசாக மாற்றியிருக்கலாமே" என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தோன்றுகிறதா?

ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.