ராமாத்தாளின் பிடியரிசி

"எழுதப் படிக்கத் தெரிஞ்சா பால்மரம் கூடுதலாப் பால் விடுமா?"

ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் தண்டல் வீரப்பன் ஒருமுறை ராமாத்தாளிடம் இப்படிக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். அது அவளுக்குப் புதிதுமல்ல. ஆனாலும் பள்ளத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பதினோரு பேரைச் சேர்த்து, பழைய ஆட்டுக் கொட்டகையில் எழுத்து வகுப்பைத் தொடங்கிவிட்டாள்.

இப்போது கூரை ஒழுகியது. மாத முடிவுக்குள் தகரம் மாற்றாவிட்டால் கொட்டகையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகத் தண்டல் சொல்லிவிட்டார். சந்தா கேட்கவும் பயம். மலாயாவில் அவசரகாலம், நாலு பேரிடம் காசு திரட்டினாலே போலீஸ் வந்து விசாரித்தது.

அப்போதுதான் பிடியரிசி நினைவுக்கு வந்தது. உலை வைக்கும்போது நல்ல காரியத்துக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பள்ளத்து லயம் ஏற்கெனவே வகுப்புச் செலவுக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்ததால், டின்னைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனாள்.

"அக்கா... ஒரு பிடி அரிசி... எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்..." குனிந்த தலை நிமிரவில்லை.

கருப்பாயி அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூன்று பிடி போட்டாள். "சரி, சரி, யாரும் பாக்கறதுக்குள்ள போயிடு."

வீட்டுக்கு வீடு இதே கதைதான். செய்கிற தர்மம் வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிற மனசு! ராமாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று வாரத்தில் அரை மூட்டை சேர்ந்தது. விற்றால் தகரம் வாங்கலாம். தோட்டத்துக் கடை ஹனிபாவிடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"ரேஷன் அட்டைக்கு மேல அரிசியா? காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குச் சேத்ததுன்னு பிடிச்சா உனக்கும் ஜெயில், எனக்கும் ஜெயிலு!"

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மேட்டு லயத்துக்கு ஓடினாள்.

"கொடுத்தது கொடுத்ததுதான். எங்க பேரை மட்டும் சொல்லிடாதே தாயி!" கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன.

இனி ஒரே வழிதான், பிடிபடுவதற்குள் தின்று தீர்ப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை, மாரியம்மன் கோயிலில் அரிசி முழுவதையும் உலையில் போட்டு இரண்டு லயத்தையும் சாப்பிடக் கூப்பிட்டாள். காட்டுக்கு உணவு போகாதபடி லயங்களைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியைத் தாண்டிப் புகை எழும்பியது. பந்தி பாதியில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"இவ்வளவு சோறு யாருக்கு?" தமிழ் இன்ஸ்பெக்டர் கேட்டார். மேட்டு லயத்துக்காரர்கள் வாய்ச்சோற்றை விழுங்கவில்லை.

"எழு... எழுத்து வகுப்புக்குச் சேத்த அரிசிங்கையா."

"வகுப்பு சோறு திங்குமா? எங்க, உன் மாணவி ஒருத்தி எழுதிக் காட்டட்டும்."

பதினோரு பேரில் ஒருத்தியான ஜெயா அடுப்புக்கரியை எடுத்தாள். கோயில் தரையில் பெரிதாக எழுதினாள்: தகரம்.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை வாசித்தார். கூரையின் கதையை ஜெயாவே சொல்லி முடித்தாள். அவர் மீசை துடித்தது, சிரிப்புத்தான்.

"தண்டல்கிட்ட ஒரு மாசம் தவணை வாங்கித் தரேன். இனிமே என் கடுதாசியோட அரிசி சேருங்க, கடையில வித்துக்கலாம். இந்தச் சோறு மட்டும் ஒரு பருக்கை வேலியைத் தாண்டக் கூடாது!"

ஜீப் போனது. ராமாத்தாள் வாழ்க்கையில் முதல் முறையாக நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசினாள்.

"வயித்தைக் கட்டி எங்க வகுப்புக்குக் கொடுத்தீங்க. அடுத்த மாசமும் இதே மனசோட கொடுங்க."

கருப்பாயி பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

"அடி பாவி, வகுப்புக்கா கேட்ட? காட்டுக்காரனுக்குன்னு நெனச்சுல்ல பயந்து பயந்து அள்ளிப் போட்டோம்!"

ராமாத்தாள் கோயில் படியிறங்கி நடந்தாள்.