பூட்டுக்கடைப் பெருவேந்தனின் செய்திமடற் போர்

வாழ்க எம் தலைவன்! சாவி வெட்டும் இயந்திரத்தின் பொறிமழையில் நாள்தோறும் நீராடுபவனும், துருவேறிய பூட்டுகளின் இறுமாப்பை ஒரு சொட்டு எண்ணெயால் அடக்குபவனும், வாசலுக்கு வெளியே சிக்கித் தவிப்போர் அழைத்த மாத்திரத்தில் கண்கண்ட தெய்வமாய்த் தோன்றுபவனும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே கடை முழுவதும் தேடும் பேராற்றல் படைத்தவனுமாகிய பூட்டுக்கடைப் பெருவேந்தனின் வீரத்தைப் பாடத் துணிந்தேன். மின்சாரமே, பாடி முடிக்கும்வரை போய்விடாதிருப்பாயாக! வைஃபையே, உன் கோடுகள் குறையாது நிற்பாயாக! யான் பாடப்போவது வாட்போர் அன்று, விற்போரும் அன்று. வாரந்தோறும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் போகும் ஒரு செய்திமடலை யாராவது படிக்கவேண்டும் என்று நிகழ்ந்த போர். சிரிக்காதீர்கள், முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அம்மடலின் திருநாமம் ‘பாதுகாப்புப் பேரொளி’. அது பிறந்த நாளில் செவிலித்தாயாய் உடன் நின்றவள் வேந்தனின் இல்லத்தரசி. மருந்துக்கடையில் நாளெல்லாம் மருத்துவர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்து, எவர் எழுத்துக்கும் அஞ்சாத நெஞ்சம் பெற்றவள் அவள். வாடிக்கையாளர்களின் முகவரிகளையெல்லாம் கணினியில் ஏற்றியவள் அவளே; அப்பட்டியலின் உச்சியில் தன் முகவரியைப் பதித்து, “நான்தான் உங்க முதல் வாசகி, சரியா?” என்று பிரகடனம் செய்தவளும் அவளே. அதைக் கேட்டு வேந்தனின் மார்பு விம்மியதில் சட்டைப் பொத்தான் தெறித்தது என்பார்கள். அந்தப் பொத்தான் ஏற்கெனவே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மடலோ, ‘மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய வாடிக்கையாளப் பெருமக்களே!’ என முழங்கித் தொடங்கும். பித்தளையின் பெருமைக்குள் புகும். இரும்பின் இழிவைச் சாடும். ‘தங்கள் நல்லாதரவை என்றென்றும் நாடும்’ என்ற வாசலில் வந்து மூச்சுவாங்கி நிற்கும். வேந்தன் அதை ஏவிவிட்டு, மடலைத் திறந்தவர் யார் யார் என்று காட்டும் ஈவிரக்கமற்ற திரையின் முன் கைகட்டி அமர்வான். எத்தனையோ வீட்டுக் கதவுகளைத் திறந்த அந்தக் கைக்கு, தன் ஒரே ஒரு மடலைத் திறக்கவைக்கும் வித்தை மட்டும் கைகூடவில்லை. திறந்தவர் இருவர், ஒருத்தி மனைவி, மற்றவர் அவனேதான்.

வெகுண்டான் வேந்தன்! இனி இன்சொல் இல்லை, இடிமுழக்கமே என்று கறுவி, அடுத்த மடலின் தலைப்பில் ‘அவசரம்! உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது!’ என்ற நச்சம்பைப் பூட்டி நாற்றிசையும் எய்தான். அம்பு தைத்தது. அந்தோ, எங்கெல்லாம் தைத்தது! பல் மருத்துவர், நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டுக் கையுறையோடு தெருவில் ஓடினார். மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்காக இருமல் மருந்தை எடுத்த இல்லத்தரசி, புட்டியும் கையுமாய் வீட்டை நோக்கிப் பறந்தாள். ஏன் பறக்கமாட்டாள்? அவ்வரண்மனையின் பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஊர்க் கதவுகளையெல்லாம் காக்கும் கோமகனின் சொந்தக் கதவை ஒரு துணிக்கயிறே காத்துவந்தது. ‘நாளைக்குப் பாக்கறேன்’ என்பதே அதுகுறித்து நெடுங்காலமாக நிலவிய அரசாணை. கட்டிய கயிறு கட்டியபடியே இருக்கக் கண்டு, மூச்சிரைக்க மடலைத் திறந்தாள் அவள். உள்ளே பித்தளையின் பெருமை இருந்தது.

அன்று மாலை, ‘இனி எனக்கு அனுப்ப வேண்டாம்’ என்னும் பொத்தானைப் பல விரல்கள் அழுத்தின. வேந்தன் பட்டியலைப் பார்த்தான். உச்சியில் இருந்த பெயரைக் காணவில்லை.

“நீயே உன் பேரை எடுத்துட்டியா?”

“பின்ன? சாப்பிடும்போது நீங்க கடைக் கதை சொன்னா, சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறுது. எழுத உக்காந்தா மட்டும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைச்சுப் போயிடறீங்க. நீங்க எழுதினா நான் படிக்கறேன். அந்தக் கஞ்சிச் சட்டை எழுதறது எனக்கு வேண்டாம்.”

நொறுங்கிப் போனான் எம் தலைவன். ஊரே படித்தாலும் அவள் படிக்காத மடல் ஒரு மடலா? அப்பெயரை மீண்டும் பட்டியலில் காணாமல் ஓயேன் என்று சாவிக்கொத்தின் மீது ஆணையிட்டுச் சூளுரைத்தான். அவனே அதை ஏற்றிவிட்டிருக்கலாம், நொடியில் முடிகிற வேலைதான். ஆனால் உள்ளிருப்பவர் திறந்தால்தான் வரவேற்பு, நாமே திறந்துகொண்டால் அதற்குப் பெயர் திருட்டு. இந்த வித்தியாசம் பூட்டுக்காரனுக்குத் தெரியாதா என்ன?

ஆகவே, வாசகர் உலகையே வாய்பிளக்கச் செய்யும் பொருளொன்றைத் தேடி, எவராலும் வெல்லவொண்ணாத புதுப்பூட்டு ஒன்றை வரவழைத்து, கடையின் பின்புறச் சாமான் அறைக் கதவில் பொருத்தி, அதன் வலிமையை உள்ளிருந்தே ஆராய்வான் வேண்டி, சிங்கம் குகை புகுந்தாற்போல் அறைக்குள் புகுந்தான். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உட்புறக் கைப்பிடியை அவன் இன்னும் மாட்டவில்லை.

இழுத்தான், இடித்தான், பித்தளையின் பெருமையை முதன்முறையாக மனமார உணர்ந்தான். பின், பெயிண்ட் டப்பாவின் மீதேறி, காற்றுப்போக்கியின் வழியே கடலும் நடுங்கக் கர்ச்சித்தான். கடல் பக்கத்தில் இல்லாமையால் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா வந்தாள்.

“அண்ணே, உள்ளயா இருக்கீங்க?”

“ஆமாம்மா! சாவிய எங்க வெச்சேன்னு தெரியல. மேஜைக்கு அடியில பெரிய சுத்தி இருக்கு, எடுத்துக் கதவ ஒடச்சிடு!”

“எதுக்குண்ணே ஒடைக்கணும்? சாவி பூட்டுலயே தொங்குதே!”

திருகினாள், திறந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கழுத்திலிருந்த அளவுநாடா நழுவித் தரையில் விழுந்தது. ‘யாருக்கும் சொல்லாதே, எங்கள் வீட்டில் மட்டும் சொல்லவே சொல்லாதே’ என்று அவளிடம் சத்தியம் வாங்கினான் வேந்தன். அந்த நல்ல மனுஷி கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

வெட்கமும் வியர்வையும் அடங்குமுன் கணினியின் முன் அமர்ந்தான். மடல் ஒழுங்காகப் போகிறதா என்று தனக்குத்தானே ஒரு சோதனை மடல் அனுப்பிப் பார்ப்பது அவன் வழக்கம். நெஞ்சில் நிறைந்து நின்றது விரல் வழியே வழிந்தது: ‘இது சோதனை. என் பூட்டுல நானே மாட்டிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் கதவு திறக்கறவன் பெயிண்ட் டப்பா மேல ஏறி நின்னு கத்தினேன். கடைசில பாத்தா சாவி வெளியில தொங்குது. தயவுசெஞ்சு என் வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.’ திரையிலோ இரு பொத்தான்கள்: ஒன்று ‘எனக்கு மட்டும்’, மற்றொன்று ‘அனைவருக்கும்’. மூக்குக்கண்ணாடியோ வழக்கம்போல் நெற்றியில் வீற்றிருந்தது. அனைவருக்கும் போயிற்று.

அறியாதவனாய் வீடு திரும்பினான். சாப்பாட்டு மேஜையில் கதை ஏதும் இல்லை. “தலைவலி” என்றான்.

மறுநாள் கடையைத் திறந்தால், அம்மவோ, ஈதென்ன மாயம்! வறண்ட குளத்தில் மடை உடைந்தாற்போல் பதில்கள் குவிந்து கிடந்தன. கார்ச் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டி, கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்ற தன் சோகத்தைப் பல் மருத்துவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ‘அடுத்தது எப்ப வரும்?’ என்று கேட்டிருந்தார்கள், பித்தளையின் பெருமையை ஒருநாளும் திறந்தே பாராதவர்கள். சோதனை மடல் ஊருக்கே போய்விட்டதை வேந்தன் உணர்ந்து விழிக்கையில், வாசலில் இல்லத்தரசி வந்து நின்றாள்.

“இருமல் மருந்து வாங்க வர்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஊருக்கே சொல்லியிருக்கீங்க, எங்கிட்ட தலைவலின்னு சொல்றீங்க!”

“அது... தப்பான பொத்தான அமுக்கிட்டேன்மா.”

“எந்த டப்பா மேல ஏறினீங்க? இதுவா?” என்று கேட்டவள் அதைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் சிரித்து, அந்த டப்பாவின் மீதே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரையேறியது. வேந்தனுக்கு அழுகை வரும்போல் இருந்தது, அத்தனை சந்தோஷம்.

அன்று பிற்பகல், ஒருவரும் கேளாமலே, அப்பெயர் பட்டியலில் மீண்டும் உதித்தது. உச்சியில் இல்லை, கடைசியில்தான். இருந்தால் என்ன?

அடுத்த மடலை, சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதினான் எம் தலைவன். மாண்புமிகு யாரையும் அழைக்கவில்லை, பித்தளையைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ‘அனைவருக்கும்’ என்பதை இம்முறை அறிந்தே அழுத்தினான். காற்று நின்றது, இயந்திரம் அடங்கியது, சுவரில் தொங்கிய சாவிகளெல்லாம் செவிசாய்த்துக் காத்திருக்க, வெற்றித் திருமகள் எத்திசையில் நோக்குவாளோ என மூவுலகும் விம்மிதமுற்ற அக்கணத்தில், மருந்துக்கடையிலிருந்து வந்தது பேரரசியின் பதில்:

‘நல்லா இருக்குங்க. கடையில சத்தமா சிரிச்சுட்டேன். பின்கதவுத் தாழ்ப்பாள் கதைய எப்ப எழுதப்போறீங்க?’

தாழ்ப்பாளுக்கு நாலு ஸ்க்ரூதான் தேவைப்பட்டது.