காப்பும் கப்பலும்

இந்த உலகத்தில் எனக்குப் பயமே கிடையாது. தண்ணீரைத் தவிர. கல்வராயன் மலைக்குப் போனால், என்னோடு வருகிறவர்கள் எல்லாம் அருவியில் ஆட்டம் போடுவார்கள். நான் சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் பஜ்ஜிக் கடைப் பக்கம் நிற்பேன். "சளி பிடிச்சிருக்கு" என்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குச் சளி பிடித்தபடியேதான் இருக்கிறது.

அப்படிப்பட்டவனுக்கு, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் இசைவாணி சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டாள். அப்பா அம்மா கல்யாண வெள்ளி விழாவுக்குப் பரிசாம். துறைமுகத்தில் ஏறி, நடுக்கடலுக்குப் போய், சும்மா சுற்றிவிட்டு வர வேண்டுமாம். வழியில் எங்கேயும் இறங்க முடியாதாம். என் மனைவி செந்தமிழ்ச்செல்வியோ அன்றைக்கே சின்னசேலம் போய்ப் புதுப் பெட்டி வாங்கி வந்துவிட்டாள்.

பயம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மீசையின் கதி என்ன? மரவள்ளித் தோட்டத்தில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. திருவிழா!

எங்கள் ஊர் திரௌபதை அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டவன், விழா முடியும்வரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் முதல் காப்பு. அதை விட்டவர்களுக்குச் சில நாள் கழித்து ரெண்டாங் காப்பும் உண்டு; அதை நான் வீட்டில் ஞாபகப்படுத்தப் போவதில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் எந்தக் கப்பலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"செல்வி, மனசு கேக்கல. இந்த வருசம் காப்பு கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"அப்ப கப்பலு?"

"இன்னா பண்றது? அம்மன் கூப்புடுறா."

சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்!

"எப்பிடிச் சொல்றதுன்னு தவிச்சிக்கினு இருந்தேங்க. போன வருசம் டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தீங்க இல்ல? நீங்க நல்லபடியா வூடு வந்து சேந்தா உங்களத் தீ மிதிக்க வெக்கலாம்னு..."

"தீயா?"

"நீங்களே வாயத் தொறந்து காப்புன்னுட்டீங்க. தர்மகர்த்தா அரங்கநாதன் மாமாகிட்ட தீமிதிக்குப் பேரு குடுத்துட்டு வந்துடட்டா?"

எனக்கு உள்ளங்கால் கூசியது. எங்கள் ஊர்த் தீக்குழியை நீங்கள் பார்த்ததில்லை. புளியங்கட்டையை வண்டி வண்டியாக எரித்துத் தணலாக்குவார்கள். கயிற்றுக்கு வெளியே நிற்கிற எனக்கே புருவம் பொசுங்கும். அதற்குக் கடல் தேவலை. குளிர்ச்சியாகவாவது சாகலாம்.

"அவசரப்படாத செல்வி. பொண்ணு ஆசையா எடுத்த டிக்கெட்டு. வீணாப் போவலாமா? தீ அடுத்த வருசமும் எரியும்."

"அம்மன் கூப்புடுறான்னீங்க?"

"அவ ரொம்பப் பொறுமைசாலி."

இப்படித்தான் நான் கப்பல் ஏறினேன். ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டேன். செல்விதான் கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய் விட்டாள். சன்னல் திரையை இழுத்து மூடி, கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்தேன். தரைக்கு அடியில் ஏதோ உறுமிக்கொண்டே இருந்தது. செல்வி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சங்கு ஊதியது. தொடர்ந்து ஊதியது. ஒலிபெருக்கியில் யாரோ இங்கிலீஷில் படபடவென்று பேசினார்கள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: எமர்ஜென்சி. வெளியே தடதடவென்று காலடிச் சத்தம். செல்வி ஒரு மிதவைச் சட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டி வெளியே இழுத்துப் போனாள். நடையெல்லாம் கூட்டம்.

"செல்வி, நம்ம கதை முடிஞ்சிதுடீ!"

"பயப்புடாதீங்க. அம்மன நெனச்சிக்குங்க."

"தாயே! என்னக் கரையில சேத்துடு! இந்த வருசமே தீ மிதிக்கிறேன்!"

"சத்தமாச் சொல்லுங்க. இந்த சங்குல அம்மனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

தொண்டை கிழியக் கத்தினேன். கரகமும் எடுப்பதாகச் சேர்த்துச் சொன்னேன். கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சங்கு நின்றது. வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் கை தட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே மிதவைச் சட்டையைக் கழற்றினார்கள்.

"ஒத்திகை சார்" என்றார் பக்கத்து அறைக்காரர். "கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி எப்பவும் பண்ணுவாங்க."

"முன்னாடியா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே துறைமுகம். கப்பலைக் கட்டியிருந்த வடம் அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. தரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு டாட்டா காட்டினார்.

"ஒத்திகைன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன் செல்வியிடம்.

"இசைவாணி அன்னிக்கே சொல்லிச்சே."

"அப்ப ஆஸ்பத்திரில நீ வேண்டிக்கினது? அதுவும் பொய்யா?"

"நான் எங்க வேண்டிக்கினேன்? வேண்டிக்கலாமான்னு நெனச்சேன். காலு உங்குளுதாச்சேன்னு வுட்டுட்டேன். நீங்கதான் கப்பலுக்குப் பயந்துக்கினு, அம்மன் கூப்புடுறான்னு பொய் சொன்னீங்க."

பொய் பிடிபட்டுவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"அப்ப இதுவும் செல்லாது. ஒத்திகைல சொன்னதெல்லாம் வேண்டுதல் ஆவாது!"

செல்வி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "அரங்கநாதன் மாமா, ரெண்டாங் காப்புக்குள்ள வந்துடுவோம். தீமிதிக்கு எங்க வூட்டுக்காரர் பேரச் சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒத்திகைன்னு உங்களுக்கே தெரியல. ஊர்ல இருக்கிற அம்மனுக்கு எப்பிடிங்க தெரியும்?"